ஜோதியில் தண்ணீர் பட்ட விவரம்

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் சொந்தக் கையால் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நலம். உங்கள் முழங்காலின் நலத்துக்கும் எழுதவும். இதுவரை வந்த கடிதங்கள் நான் சொல்ல உங்கள் தங்கை எழுதியவை; நான் சொன்னதில் பாதிதான் அவற்றில் இருந்திருக்கும். "யாரு துரத்துறா, மெதுவா எழுதுங்க" என்று முதியோர் கல்வி மாலை வகுப்பு டீச்சர் சொன்னதால் மெதுவாகவே எழுதுகிறேன்.

உங்கள் மருமகளின், அதாவது என் மகளின், டிரையத்லான் கூட்டத்தை நீங்கள் கேலி செய்வீர்களே, நீந்திவிட்டு, ஈரம் காய்வதற்குள் சைக்கிள் மிதித்து, இறங்கிய கையோடு ஓடவும் செய்கிறவர்கள் என்று. நீச்சல் சங்கம், சைக்கிள் சங்கம், ஓட்டச் சங்கம் மூன்றும் "நீங்க எங்க ஆளு இல்லை" என்று கைவிரித்த கூட்டம் அது. தேசிய விளையாட்டு விழாவின் ஜோதி ஓட்டத்தில் இந்த வருடம்தான் அவர்களையும் சேர்த்தார்கள். சொதப்பினால் அடுத்த முறை கிடையாது. அதில்தான் மச்சான், நான் கை வைத்துவிட்டேன்.

அவர்களுடைய போட்டிகளில் தண்ணீர் மேசை என் இலாகா என்பது உங்களுக்குத் தெரியும். மகள் ஓடி வருவாள், கப்பைப் பிடுங்குவாள், பாதி வாய்க்கு, பாதி தலைக்கு. கையில் இருக்கும் கண்ணாடியோ தொப்பியோ என் மேல் விழும், ஆள் போயிருப்பாள். ஜோதி ஓட்டத்தன்றும் பழக்கதோஷத்தில் கப்போடு சாலை ஓரத்தில் நின்றேன். ஜோதியை ஏந்திக் கல்யாணப் பெண் மாதிரி மெதுவாக நடந்து வந்தாள். கப்பை நீட்டினேன். வாங்கித் தலையில் கவிழ்த்தாள். தலை குனிந்தபோது ஜோதியும் குனிந்தது. புஸ்.

"பிடிங்கப்பா" என்று அதை என் கையில் திணித்துவிட்டு வந்த வழியே ஓடினாள். மானம் போய் ஊரைவிட்டே ஓடுகிறாள் என்று நினைத்தேன். ஜோதி அணைந்தால் திரும்ப ஏற்றப் பின்னால் வரும் வண்டியில் மூல விளக்கு இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? புகையும் கட்டையோடு நான் நிற்க, ஜனங்கள் கை தட்டுகிறார்கள். "மூத்த வீரர் போல, பாவம், மூச்சு வாங்குது" என்றாள் ஒருத்தி. அடுத்து ஜோதி வாங்கக் காத்திருந்தவர் அவர்களில் மூத்தவரான கணக்கு வாத்தியார். "சிரிங்கய்யா, படம் எடுக்குறாங்க" என்றார் பல்லைக் கடித்தபடி. சிரித்தேன்.

விளக்கோடு திரும்பி வந்தவள் என் கையில் இருந்ததை அப்படியே ஏற்றினாள். "நீங்களே குடுங்கப்பா, நேரமாகுது." வாத்தியாரின் ஜோதியை நான்தான் ஏற்றினேன் மச்சான். நான் நீட்டிய வேகத்தில் அவர் புருவம் தப்பியது தெய்வாதீனம். நிறைந்த செம்பு போல ஒரு கனம் இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

ஆனால் அந்தக் கூட்டத்துக்கு இனி அழைப்பு வராமல் போனால் என் தண்ணீர்தான் காரணம், பிள்ளை அல்ல. டிரையத்லான் சங்கச் செயலாளர் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஆகவே இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அங்குள்ள சிறியவர்களுக்கு என் ஆசி, பெரியவராகிய உங்களுக்கு என் கும்பிடு, உங்கள் முழங்காலுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

பின்குறிப்பு: பிழை திருத்தட்டும் என்று மகளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "நடந்து வந்தவளுக்குத் தலையில எதுக்குப்பா தண்ணி?" என்றாள். என் கையிலும் ஒருமுறை ஜோதியைக் கொடுக்க விழாக் குழுவில் கேட்டாளாம். விளையாடுகிறவர்களுக்கு மட்டும்தான் என்றார்களாம். வாத்தியார், விளக்கு வண்டிக்காரர், செயலாளர் எல்லோரும் கூட்டுக் களவாணிகள். செயலாளர் திரும்பிக்கொண்டது சிரிப்பை அடக்கத்தானாம். அடுத்த முறைக்கும் அழைப்பு வந்துவிட்டது. ஆகவே என் தவறு என்று மேலே எழுதியதெல்லாம் தவறு. திரும்ப எழுதினால் இன்னும் ஒரு வாரம் ஆகும் என்பதால் அப்படியே அனுப்புகிறேன். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள்.