லிஃப்ட் வாசலில் வளர்ந்த தமிழ்

அழியவிருந்த தமிழைத் தடுத்தாட்கொண்ட பெருமை, வெள்ளானூர் 'ஹெரான் மெடோஸ்' குடியிருப்போர் நலச் சங்கத்தையே சாரும். மதுரையும் தஞ்சையும் முடிக்காமல் விட்ட பணியை, சனிக்கிழமைதோறும் யோகாவுக்கும் ஜும்பாவுக்கும் இடையில் கிடைத்த சந்தில் அவர்கள் முடித்தார்கள். திட்டத்தின் பெயர், 'பாரம்பரிய மொழி, பண்பாட்டுப் பன்மை'. அழைப்பிதழ் ஆங்கிலத்தில்.

பாடம் நடத்த சேக்காட்டிலிருந்து ஜெபா வந்தாள். எம்.ஏ. தமிழ்; அவள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். அவள் அம்மா ஞானகுமாரி அதே குடியிருப்பில்தான் பாத்திரம் தேய்த்தாள்.

"உங்க 'இன்னா' மட்டும் பசங்களுக்குத் தொத்திக்காம பாத்துக்கோங்க மேடம்" என்றார் தலைவர் கங்காதரன்.

"தொத்திக்க அது இன்னா சார், அம்மையா?"

பன்மையைப் போற்றும் சங்கம் ஆதலால் அவளை மன்னித்தது. 'இடைக்கால ஏற்பாடாக' பின்பக்க லிஃப்டில் வரச் சொன்னது. ஆண்டு விழாவில் பிள்ளைகள் வாசித்துக் காட்டினால் வேலை நிரந்தரம் என்றும் அருளியது.

விழாவில் கங்காதரனின் மகள் ஆத்யா வரவேற்புரையை மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

"மனப்பாடம் வேணாம்மா" என்றார் சிறப்பு விருந்தினர். "இங்க கண்ணுல படற தமிழ் எதையாவது படி."

ஆபத்தான விருப்பம். நீச்சல் குளம் ஆங்கிலம். ஜிம் ஆங்கிலம். நாய் அசிங்கம் செய்யக் கூடாது என்ற பலகைகூட ஆங்கிலம். நாய்கள் கான்வென்டில் படித்தவை போலும். கூட்டமே தமிழைத் தேடி அலைந்தது. கடைசியில் முன்பக்க லிஃப்ட் வாசலில் ஆத்யா கூவினாள்.

"மிஸ், இங்க இருக்கு! வீ...ட்டு வேலை...யாட்கள் இந்த லிஃப்...டில் ஏறக் கூ...டாது!"

லகரமும் ளகரமும் அததன் இடத்தில் நின்றன. ஜெபா மட்டும் கைதட்டினாள். அவள் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வேலையில் சேர்ந்த அன்று அந்தப் பலகையை செக்யூரிட்டி சத்தம் போட்டுப் படித்துக் காட்டியிருந்தான்.

"ஞானகுமாரி ஆன்ட்டி ஏறக் கூடாதா மிஸ்? நீங்க?"

"அப்டித்தாம்மா எழுதிக்கீது."

"அது சும்மா போர்டுடா செல்லம்" என்றார் கங்காதரன். சிறப்பு விருந்தினருக்கு அவசரமாக ஒரு போன் வந்தது, மணி அடிக்காமலே.

உடனே லிஃப்டுக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு அவசரக் கூட்டம். பலகையைக் கழற்றலாமே என்றாள் ஜெபா. பலகைகள் பராமரிப்புக் குழுவின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. இது பண்பாட்டுக் குழு என்று விளக்கப்பட்டது. பிறகு ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

"பாடத்துலேர்ந்து வாசிப்பை எடுத்துடலாம் மேடம்" என்றார் கங்காதரன், கனிவாக. "பேச வந்தா போதாதா? எழுத்தெல்லாம் எதுக்கு? சரின்னா வேலை பர்மனென்ட்."

ஜெபா எழுந்து போய் முன்பக்க லிஃப்டின் பொத்தானை அழுத்தினாள்.

"எழுத்தெல்லாம் எதுக்குன்னுதான் சார் எங்கம்மாவாண்டயும் சொன்னாங்கோ. பாரம்பரியத்த நல்லாவே காப்பாத்திகினு கீறீங்க."