கொக்கின் முழங்கால் அளவுக்குப் புல்

ஒரு காட்டில் ஒரு சிங்கராஜா இருந்தார் என்று ஆரம்பித்தால், வேட்டைக் கதை வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்காருவீர்கள். சாய்ந்துகொள்ளுங்கள். இந்த ராஜாவுக்கு மூட்டுவலி. தினமும் வெந்நீரில் குளித்தால்தான் உடம்பு கேட்கும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வெந்நீருக்கு நெருப்பு வேண்டும், நெருப்புக்குக் கரி வேண்டும். காட்டுக்குள்ளேயே நிலக்கரிச் சுரங்கம் தோண்ட உத்தரவு பறந்தது.

காட்டுப்பன்றி மருதப்பன் காண்டிராக்ட் எடுத்தான். ஒரு கூடை கரி எடுப்பதற்குள் ஐந்து கூடை மண்ணும் கல்லும் வந்து தொலைத்தன. எங்கே கொட்டுவது? பக்கத்தில் முயல்கள் குடியிருந்த புல்வெளி கண்ணில் பட்டது. முயல்தானே, என்ன கேட்டுவிடப் போகிறது என்று கொட்டினான்.

அங்கேதான் ஆள் தெரியாமல் மாட்டிக்கொண்டான். அந்தப் புல்வெளியில் கோமளம் என்றொரு முயல் இருந்தாள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். மருதப்பன் செங்குத்தாகக் குவித்த மேடு, முதல் மழைக்கே சரிந்து அவள் வளையின் வாசலை அடைத்தது. நாலு குட்டிகளையும் தோண்டி வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, காதில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் நேராகப் பன்றியிடம் போனாள்.

"ஏய்யா, மண்ணைக் கொட்டுறதுக்கு ஒரு முறை வேண்டாமா?"

"அதுக்கென்னம்மா முறை? கொட்டினா விழும்."

"விழுந்துச்சு. என் வீட்டு மேல!"

வன அலுவலகத்துக்குப் போனாள். பதினொரு படிவம். வரிசையில் அவளுக்கு முன்னால் முள்ளம்பன்றி நின்றதால் யாரும் நெருங்கி நிற்க முடியவில்லை, வரிசை ஆற்றங்கரை வரை நீண்டது. நாலு நாள் நின்று மனுக் கொடுத்தாள். அதற்குப் பலனும் கிடைத்தது. மேட்டை ஒழுங்காகக் கட்ட ஒரு என்ஜினீயரைப் போட்டார்கள். யாரை? கரையானைத்தான். மேடு கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் உண்டா?

கரையான் மேட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இதைக் கலைச்சுட்டுப் புதுசாக் கட்டு. கொட்டுறதுக்கு முன்னால மேல்மண்ணை வழிச்சுத் தனியா வை, அதுலதான் உசிரு இருக்கு. கல்லையும் மண்ணையும் அடுக்கடுக்காப் போடு. ஒவ்வொரு அடுக்கையும் யானை மிதிக்கணும். சரிவு படிப்படியா இறங்கணும், சுத்தி வாய்க்கால் ஓடணும். கடைசியா அந்த மேல்மண்ணைப் போர்த்திப் புல் விதைச்சிடு."

முணுமுணுத்துக்கொண்டே மருதப்பன் கட்டினான். சும்மா சொல்லக் கூடாது, அருமையாகக் கட்டினான். அதற்குப் பிறகு எந்த மழைக்கும் மேடு அசையவில்லை. உத்தரவின் கடைசி வரி இது: 'மேட்டில் புல், ஆய்வாளர் கொக்கின் முழங்கால் உயரத்துக்கு நின்றால் நில மீட்பு முடிந்ததாகச் சான்றிதழ் தரப்படும். நிலம் திருப்பித் தரப்படும். ஆய்வு வருஷத்துக்கு ஒரு முறை.'

கோமளத்துக்கு அந்த வரிதான் உயிர். முயல் கூட்டம் மொத்தமும் பாறை இடுக்கில் முள்செடியைக் கடித்துக்கொண்டு கிடக்க, எதிரே அவர்கள் புல் தளதளவென்று வளர்ந்தது. அதை அவளே காவல் காத்தாள்.

"ஒரே ஒரு வாய், கோமளம்," என்று கெஞ்சுவான் அவள் புருஷன் சந்தனம்.

"மூச்! சர்டிபிகேட் வரட்டுங்க, வயிறு முட்டத் தின்னலாம்."

முதல் வருஷம் கொக்கு வந்து காலை ஊன்றிப் பார்த்தார். இரண்டு விரல் குறைந்தது. கோமளம் ஒவ்வொரு வாயாக மோந்து பார்த்தாள். சந்தனத்தின் வாயில் புல் வாசனை. ஒரு மாதம் அவனோடு பேசவே இல்லை.

இரண்டாம் வருஷம் புல் அலை அடித்தது. கொக்கு காலையிலேயே வந்தார். கோமளத்துக்குச் சந்தோஷத்தில் மீசை துடித்தது.

"பிரமாதம்மா! ராஜாவும் கேட்டுக்கிட்டே இருக்கார். நான் கையெழுத்துப் போட்டதும் இங்க அவருக்கு ஓய்வு மாளிகை கட்டப் போறாங்க," என்றார் கொக்கு.

கோமளம் குறுக்கே வந்து நின்றாள். "என்ன சார் சொல்றீங்க? நிலம் எங்களுக்குத் திரும்பி வரும்னுதானே எழுதியிருக்கு?"

"திருப்பித் தரப்படும்னு எழுதியிருக்கு. யாருக்குன்னு எழுதலையேம்மா. சரி, பசிக்குது. ரெண்டு மீனைப் பிடிச்சுத் தின்னுட்டு வந்து அளக்கிறேன்."

கொக்கு குளத்துப் பக்கம் போனார். கோமளம் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு பின்னங்காலால் தரையை ஓங்கி ஓங்கி அடித்தாள். முயல் அப்படித் தட்டினால் ஆபத்து, ஓடு என்று அர்த்தம். நாலு திசையிலும் முயல்கள் ஓட ஆரம்பித்தன.

"ஓடாதீங்க! ஏறி வந்து தின்னுங்க!" என்று கத்தினாள்.

யாரும் நம்பவில்லை. சந்தனம் மட்டும் தயங்கித் தயங்கி வந்தான். "என்னையா சொல்றே? நிஜமாவா?"

"உங்களைத்தான். அடியோட மேயுங்க!"

ஐயா, அந்தச் சாப்பாட்டைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்! இரண்டு வருஷப் பசி. கொக்கு இரண்டாவது மீனை விழுங்கிவிட்டு வந்தபோது மேடு மொட்டை அடித்த தலையாக இருந்தது. சுற்றிலும் முயல்கள் மல்லாந்து கிடந்து ஏப்பம் விட்டன.

"அடக் கடவுளே! காலையில முழங்கால் வரைக்கும் இருந்துச்சே!"

"காலையில அளந்தீங்களா சார்?"

"இல்லையே."

"அப்போ இப்ப அளங்க."

கொக்கு நேர்மையானவர். கால் சொல்வதைத்தான் எழுதுவார். 'மீட்பு தோல்வி. இது கழிவு மேடு. எதற்கும் லாயக்கில்லை. யாரும் உள்ளே வரக் கூடாது' என்று பலகை நட்டுவிட்டுப் போனார். கழிவு மேட்டில் ராஜா தங்குவதா என்று மாளிகையை வேறு எங்கோ கொண்டுபோய்க் கட்டினார்கள்.

மழை பெய்தது, புல் மறுபடி நின்றது. முயல்கள் வளை தோண்டிக் குடியேறின. இப்போதெல்லாம் ஆய்வு நாள் வந்தால் அவர்களுக்குத் திருவிழா. உறவுக்காரர்களையெல்லாம் அழைத்து விடியற்காலையிலேயே பந்தி போட்டுவிடுகிறார்கள். பலகையின் எழுத்து மழையில் மங்கினால் கோமளமே சுரங்கத்திலிருந்து ஒரு துண்டு கரி எடுத்து வந்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதிவிடுகிறாள்.

நீதி: நல்ல இடத்தில் நிம்மதியாகக் குடியிருக்க வேண்டுமானால், அது குப்பை என்று அரசாங்கத்தையே எழுதித் தரச் செய்யுங்கள், ஆய்வுக்கு வருகிறவர் பசியோடு வந்தால் மிகவும் நல்லது.