ஐயாயிரத்தில் நூற்று முப்பத்தேழு தட்டு குறைகிறது

ஐதராபாத்,
செவ்வாய்க்கிழமை காலை.

மகாலட்சுமிக்குச் சமமான மாணிக்யாம்பா அக்காவுக்கு, தம்பி கோட்டேஸ்வர ராவ் நமஸ்கரித்து எழுதுவது. குண்டூரில் நீயும் அத்தானும் சௌக்கியம்தானே? இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான் எதுவுமே சரியாகப் படவில்லை.

ஸ்ரவந்தியின் கணையக் குழாயில் கல் என்று இந்த ஆஸ்பத்திரியில் சொன்னதும், என் மகள் சோறு தின்றாளா, மண்ணைத் தின்றாளா என்று கேட்டேன். டாக்டர் பிரசூனா என்று ஒரு சின்னப் பெண், படத்தில் வெள்ளையாக எதையோ காட்டி, சாப்பிட்டதும் ஊறுகிற சாறு போக வழியில்லாமல் கல் அடைக்கிறது, வலி அதனால்தான் என்கிறாள். உனக்குத் தெரியாததா? பதினாறு வயசிலிருந்து ஏழு வருஷமாக, சாப்பிட்ட கையோடு இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். பரீட்சைக்கு முந்தின நாள் வந்தது, பெண் பார்க்க வந்த அன்று வந்தது. முப்பத்திரண்டு வருஷம் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்து, அடியில் குடைந்த எடைக்கல்லைக் கையில் தூக்கினதுமே பிடித்தவன் நான். இது நாடகம் என்று உன்னிடமே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!

வயிற்றைக் கிழிக்காமல் வெளியிலிருந்தே அதிர்வலையால் தட்டிக் கல்லைப் பொடியாக்குவார்களாம், மொத்தம் ஐயாயிரம் தட்டாம், என்னிடமே அளவு சொல்கிறார்கள் பார், விடுவேனா, கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து டக் டக்கென்று விழுவதையெல்லாம் நூற்றுக்கு ஒரு கோடாகப் பேப்பர் ஓரத்தில் போட்டுக்கொண்டே வந்தால் மொத்தம் நாலாயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்றுதான் வருகிறது. நூற்று முப்பத்தேழு குறைகிறதே என்று கேட்டால், நடுவில் நீங்கள் கையெழுத்துப் போடக் கவுண்டருக்குப் போனீர்களே, மெஷின் நிற்கவில்லை என்கிறாள் அந்த டாக்டர் பெண். சரியாக அந்த நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டது யார், ஏன்?

உள்ளே இருந்தவள்தானே சாட்சி என்று ஸ்ரவந்தியைக் கேட்டேன். முதுகில் மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள், அவ்வளவுதான், மயக்கம் கிடையாது. அவளோ தூங்கிவிட்டாளாம். ஐயாயிரம் அடி விழும்போது எவளாவது தூங்குவாளா என்றதற்கு, "வலிக்காமப் படுத்து எத்தனை நாளாச்சு நாயனா, அதான் கண்ணு சொருகிடுச்சு" என்றாள். நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

நேற்று வாய் வழியாகக் குழாய் விட்டுப் பொடியைத் துழாவி எடுத்தார்களாம். எங்கே காட்டு என்றால் குடலோடு போய்விட்டதாம். நம்ம எதிர் வீட்டு ரத்தய்யா கிட்னிக் கல்லைப் பாட்டிலில் போட்டு ஷோகேஸில் வைத்திருக்கிறான், இவங்களுக்கு ஒரு சிட்டிகை பொடி எடுத்து வைக்க முடியலையா? புதுப் படத்தில் கல் இல்லை என்கிறார்கள். படத்தில் இவள் பேர் இருக்கிறது, சரி, பேரை யார் வேண்டுமானாலும் அடிக்கலாமே. இதில் ஒரு பிளாஸ்டிக் குழாயை வேறு உள்ளேயே விட்டிருக்கிறார்களாம், சில மாதம் கழித்து எடுக்க வரணுமாம். வரமாட்டேன். கலெக்டருக்கு நாலு பக்கம் மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், அத்தானை ஒரு பார்வை பார்க்கச் சொல்லு.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பேரப் பிள்ளைகள் நூறு வயசு இருக்கட்டும்.

இப்படிக்கு,
யாரையும் நம்பாத உன் தம்பி,
கோட்டேஸ்வர ராவ்

பி.கு: உறையை ஒட்டும் முன் மத்தியானச் சாப்பாடு வந்தது. ரசம் ஊற்றின சோறுதான், நெய் கிடையாது. எப்போது வயிற்றைப் பிடிப்பாள் என்று எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பிடிக்கவில்லை. தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடு நாயனா, பசிக்குது" என்றாள். இவள் இரண்டாம் தடவை சோறு கேட்டு ஏழு வருஷமாயிற்று, அக்கா. இருந்ததையெல்லாம் போட்டேன். டாக்டரம்மாவைத் தேடிப் போய், அப்படியானால் அந்த வலியெல்லாம் நிஜம்தானா என்று கேட்டேன். "ஆம்பளைங்களே தரையில உருளுவாங்க. உங்க பொண்ணு எங்ககிட்டகூட ஒரு தடவை கத்தினதில்ல. ஏம்மான்னு கேட்டேன், கத்தினா நடிக்கிறேன்னு சொல்லுவாங்கன்னு சொன்னா" என்றார். மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டேன். குழாய் எடுக்கிற தேதியையும் வாங்கியாயிற்று. இவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை. எனக்குப் பதிலாக நீ ஃபோனில் ஒரு வார்த்தை சொல்லிவிடு என்று எழுத வந்தேன். வேண்டாம் அக்கா, நானே போய்ச் சொல்கிறேன்.