லிவரை முன்னால் தள்ளவும்

கருவிதேடி என்றொரு இனம் உண்டு. உருவத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. 'வேலை எப்போது முடியும்?' என்று கேட்டுப் பாருங்கள். 'அதை எதில் செய்வது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்று பதில் வந்தால் அவரேதான். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், எழுந்திருக்க நேரமாகும்.

தஞ்சாவூர்ப் புறவழிச்சாலையில் நடவு இயந்திரம் தயாரிக்கும் ஒரு நிறுவனம். இயந்திரத்தோடு கொடுக்கும் கையேடுகளுக்குப் பொறுப்பாளர் ஹரிஹரசுப்ரமணியன். அவர் சொல்வதில் தப்பே இருக்காது, அதுதான் சங்கடம். எந்த மாடலின் கையேட்டை எடுத்தாலும் பாதி விஷயம் ஒன்றேதான்: எண்ணெய் மாற்றுவது, சேற்றைக் கழுவுவது, மழையில் மூடி வைப்பது. இதை ஒவ்வொன்றிலும் வெட்டி ஒட்டுவானேன்? துண்டு துண்டாக ஒரே இடத்தில் எழுதி வைத்து, எந்தக் கையேட்டுக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ள ஒரு மென்பொருள் இருந்தால், ஓரிடத்தில் திருத்த எல்லா இடத்திலும் திருந்திவிடும். யார் மறுப்பார்கள்? யாரும் மறுக்கவில்லை. ஆகவே அவர் தேட ஆரம்பித்தார்.

சம்பா நடவின்போது ஆரம்பித்த தேடல், அறுவடையைத் தாண்டி, அதற்குப் பின் விதைத்த உளுந்தையும் தாண்டி, குறுவைக்கு வந்து நின்றது. மென்பொருள்காரர்கள் திரையில் தோன்றி டெமோ காட்டுவார்கள். இவர் தலையாட்டிக்கொண்டே எக்செல்லில் கலர் கலராக ஒப்பீட்டு அட்டவணை போடுவார். ஒன்றில் தமிழ் எழுத்து உடைகிறது, இன்னொன்றில் படம் பக்கம் மாறி ஓடுகிறது, மூன்றாவது எல்லாவற்றிலும் தேறுகிறது, ஆனால் அதற்கு அடுத்த மாதம் புதுப் பதிப்பு வருகிறதாம், எதற்கும் அதையும் பார்த்துவிடுவோம் என்பார். அட்டவணை வளர்ந்து இப்போது அதைப் பராமரிக்கவே நல்ல மென்பொருள் தேவைப்படுகிறது. அதையும் தேடுகிறார்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் இதே நினைப்புத்தான்.

"பாரு சரசா, சாம்பாருக்கும் ரசத்துக்கும் பருப்பு பொது. ஒரு தடவை வேகவெச்சா ரெண்டு இடத்துல எடுத்துக்கலாம்."

"இத்தனை வருஷமா நான் என்ன பண்றேன்னு நினைச்சேள்?" என்றார் மனைவி.

கையேட்டை உண்மையில் எழுதுகிறவள் பிரின்ஸி. அவளுக்கு ஒரே ஒரு வரியை அவசரமாகத் திருத்த வேண்டியிருந்தது. பழைய மாடலில் லிவரைப் பின்னால் இழுத்தால் நாற்று நடும் கைகள் நிற்கும். புது மாடலில் முன்னால் தள்ள வேண்டும், இழுத்தால் ஓடும். வெட்டி ஒட்டியதில் பழைய வரியே புதுக் கையேட்டிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. அதை நம்பி லிவரை இழுத்துவிட்டு, சிக்கிய சேற்றை எடுக்கக் கையை விடுகிறவருக்கு விரல் மிஞ்சாது.

"சார், இந்த ஒரு வரியை மாத்தி அச்சுக்கு அனுப்பிடலாங்களா?"

"மாத்தலாம்மா. ஆனா பழைய ஃபைல்ல மாத்தினா நாளைக்கு மறுபடி தேடி மாத்தணும். புது டூல்ல ஒரே தடவைதான்."

"புது டூல் எப்ப சார் வரும்?"

"கடைசிக் கட்டம். ரெண்டுல ஒண்ணு."

"தீபாவளிக்கும் ரெண்டுல ஒண்ணுன்னுதானே சொன்னீங்க?"

"அது வேற ரெண்டு."

மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள். தண்ணீர் எதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வருவதில்லை. அது பாட்டுக்கு வாய்க்காலுக்கு வந்துவிட்டது. புது இயந்திரங்களை ஏற்ற லாரிகள் வாசலில் நின்றன; கையேடும் திருத்தாமலே அச்சாகி வந்திருந்தது. சர்வீஸ் மெக்கானிக் அப்துல் ஜலீல், புது இயந்திரத்தின் மேல் வைத்திருந்த கையேட்டைப் புரட்டினார்.

"என்னம்மா இது, இழுக்கச் சொல்லுது? தள்ளுனாத்தானே நிக்கிது?"

"தெரியும் பாய்."

"நான் கூத்தாநல்லூர்ப் பக்கம் போறேன், அங்கே வாயால சொல்லிடுவேன். மத்த ஊர்ல யாரு சொல்றது?"

பிரின்ஸி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஸ்டிக்கர் கடைக்குப் போனாள். 'நிறுத்த, முன்னால் தள்ளவும். எஞ்சினை அணைத்த பிறகே கை வைக்கவும்.' பெரிய சிவப்பு எழுத்து. மாலைக்குள் லிவருக்கு லிவர் அவளும் ஜலீலும் ஒட்டி முடித்தார்கள். கையேட்டில் இருந்த தப்பு வரியைக் கறுப்பு மையால் அடித்தார்கள்.

சேதி கேட்டு ஹரிஹரசுப்ரமணியன் இறங்கி வந்தார். குனிந்து ஸ்டிக்கரைப் படித்தார். லிவரைப் பிடித்து, கையேடு சொன்னபடி, பின்னால் இழுத்துப் பார்த்தார். நடும் கைகளைப் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார். மனுஷர் திருந்திவிட்டார் என்று ஜலீலே நினைத்தார்.

"நல்லா இருக்கு பிரின்ஸி. எதுல பண்ணினே?"

"வேர்டுல சார். கடையிலயே அடிச்சுக் குடுத்தேன்."

"அடடா. ஸ்டிக்கருக்குன்னே தனி டூல் வந்திருக்கே. ரெண்டு மூணு பாத்து வைக்கிறேன்."

லாரிகள் கிளம்பின.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நல்ல ஷூ கிடைக்கட்டும், நடக்க ஆரம்பிக்கலாம் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர் உங்களுக்குத் தெரிந்தவர்தானே? அது போகட்டும். ஒருவருக்கு இரண்டு வரி எழுத வேண்டுமென்று வெகுநாளாக நினைத்து, அதற்கு நல்ல தாளாக, நல்ல பேனாவாக, அவசரமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அதுவரை காத்திருக்கும்படி அவரிடம் சொல்லிவிட்டீர்களா?