லெந்து சார் சொன்ன பொய்

லெந்து சார் ஒரு பொய்யர். நல்ல மனிதர் என்று அவரைப் பற்றி யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நான் அவருக்கு அடுத்த மேசையில் ஆறு வருடம் உட்கார்ந்தவன்.

தன் பலவீனங்களை இவ்வளவு விளம்பரம் செய்த மனிதர் திருவண்ணாமலை ஜில்லாவிலேயே கிடையாது. வேங்கிக்காலில் எங்கள் அலுவலகம். மாசி பிறந்து ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் விரதம் தொடங்கியதும், மேசைமேல் ஒரு தாள் ஒட்டிவிடுவார். ‘இந்த வருடம் அடக்க வேண்டியவை: பஜ்ஜி, புறணி, கோபம்.’ அந்த நாட்களுக்கு அவர்கள் சபையில் லெந்து என்று பெயராம். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் என்னவென்று எங்கள் யாருக்கும் தெரியாது. ஆனாலும் அந்தப் பெயரையே அவருக்கு வைத்துவிட்டோம்.

அவருக்கு முக்கியம் கோபம்தான். நாற்பது நாளும் யாரிடமும் குரல் உயர்த்தாமல் இருந்துவிட்டால், ஈஸ்டர் காலையில் சபையில் எழுந்து நின்று ‘ஜெயித்துவிட்டேன்’ என்று சாட்சி சொல்வதாகச் சொல்லி வைத்திருந்தார். ஐந்து வருடமாகச் சொல்ல முடியவில்லை. அவர் விரதத்தின் கடைசி நாட்களும் எங்கள் ஊர்ப் பங்குனிப் பௌர்ணமியும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். மலை சுற்ற வரும் கூட்டத்தில் எந்த மனிதனுக்குப் பொறுமை இருக்கும்? ஒரு வருடம் பஸ் கண்டக்டரிடம் கத்தினார். இன்னொரு வருடம், இவர் வீட்டு வாசலை அடைத்துக் காரை நிறுத்திவிட்டு மலை சுற்றப் போன ஆள் திரும்பி வரும்வரை காத்திருந்து கத்தினார்.

நான் எதையும் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை. தினமும் பதினோரு மணிக்கு அவர் காணாமல் போவார். ஒளிந்து தின்கிறார் என்று முடிவு கட்டிப் பின்னாலேயே போனேன். எதிரே உள்ள பஜ்ஜிக் கடையில் சட்டியை முறைத்துக்கொண்டு நின்றார். கடைக்கார அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், உங்க ஆளக் கூட்டிக்கினு போங்க. வாங்கவும் மாட்டேன்றாரு, நகரவும் மாட்டேன்றாரு. இவரு நிக்கிறதப் பாத்துட்டு, எண்ணெயில பல்லி கில்லி கெடக்குதோன்னு வர்றவங்கல்லாம் ஓட்றாங்க.”

“என்ன சார் இது?” என்றேன்.

“வீட்ல கதவ சாத்திக்கினு அடக்கினா அது அடக்கமா சார்? எதிர்ல நின்னு அடக்கணும்.”

“வாசனைய மட்டும் ஓசியில புடிக்கிறீங்க!”

“அதுவும் கொஞ்சம் ஜாஸ்தியாதான் போவுது. நாளையிலேர்ந்து கம்மி பண்ணிக்கிறேன்.”

புறணியும் அப்படித்தான். நாங்கள் அதிகாரியைப் பற்றி ஆரம்பித்ததும் எழுந்து போய்விடுவார். ஒருநாள் பீரோவுக்குப் பின்னால் செருப்பு தெரிந்தது. “ஒட்டுக் கேட்டீங்களா?” என்று மடக்கினேன். “பாதிதான் சார் கேட்டேன். பேரு வர்றதுக்குள்ள காதப் பொத்திக்கினேன்” என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் முக்கால்வாசி கேட்டது போலிருந்தது.

கோபத்துக்கு வேறு வழி வைத்திருந்தார். கோபம் வந்ததும் ஒரு வாய் தண்ணீர். விழுங்கமாட்டார், துப்பமாட்டார், அது தணியும்வரை கன்னத்திலேயே வைத்திருப்பார். மனு கொடுத்தவர்கள் கேட்டால் “ம்ம்” என்று கையைக் காட்டுவார். வாயில் பிஸ்கட்டோ என்று எனக்குச் சந்தேகம். “வாயத் தெறங்க பாக்கலாம்” என்று தோளில் தட்டினேன். மொத்தமும் என் ஃபைல்மேல் கொட்டியது. கத்தியது நான். அவர் அமைதியாக இன்னொரு வாய் தண்ணீர் எடுத்துக்கொண்டார்.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் வரை வந்துவிட்டார். இன்னும் இரண்டே நாள். அன்றைக்கும் ஊர் முழுக்கக் கூட்டம். பஸ்ஸை எங்கேயோ திருப்பிவிட்டதால் வெயிலில் நடந்து, தாமதமாக வந்து உட்கார்ந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு விவசாயி என் எதிரே நின்றார். மணிலாக் கடலை போட்டிருக்கும் நிலத்துக்குப் பட்டா மாற்ற வேண்டும்.

“நாலாவது தபா வர்றேன் சார். என்ன ஆச்சுன்னு...”

அவ்வளவுதான் கேட்டார். நான் எழுந்து நின்று, எழுதத் தகாத வார்த்தைகளில் கத்தி, அவர் மனுவை நாலாகக் கிழித்துப் போட்டேன். பெரியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி அறையிலிருந்து வந்தார். “யாருய்யா கத்தினது?”

நான் வாய் திறக்கவில்லை. ஆம், திறக்கவில்லை. லெந்து சார் வாயில் இருந்த தண்ணீரை விழுங்கினார்.

“நான்தான் சார்.”

அதிகாரி மேசையில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். வேறு சாட்சி எதற்கு? “எழுதி ஒட்டிட்டா போதுமா? அடக்கத் தெரிய வேணாம்?” என்று எல்லார் முன்னாலும் வைதார். பெரியவர் தரையிலிருந்தே, “இவரு இல்லீங்க சாமி...” என்று தொடங்கினார். லெந்து சார் அவர் கையைப் பிடித்துத் தூக்கி, தன் நாற்காலியில் உட்காரவைத்து, புது மனு எழுத ஆரம்பித்தார். “ஏன் சார் அப்டி சொன்னீங்க?” என்று காதருகே கேட்டேன். “சர்வே நம்பர் தப்பாயிடப் போவுது, அப்புறம் பேசலாம் சார்” என்றார். அந்த வாரமே அவருக்கு மாற்றல் வந்தது. அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை.

போன வாரம் கடைத்தெருவில் அவர் வீட்டம்மாவைப் பார்த்தேன். ஈஸ்டர் அன்று போதகர் அவர் பெயரைக் கூப்பிட்டாராம். இவர் “சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல” என்று உட்கார்ந்துவிட்டாராம். “ரெண்டு நாள்ல கோட்ட விட்டுட்டாரேண்ணா. ஆபீஸ்ல அப்டி என்னதான் கத்தினாரு?” என்று அந்த அம்மா என்னையே கேட்டார்கள். என்னையே!

லெந்து சார், எனக்கு உங்கள்மேல் இன்னும் சந்தேகம்தான். அன்றிலிருந்து மனுவோடு யார் வந்து நின்றாலும் எனக்குக் குரல் எழும்பவில்லை. இதற்காகத்தான் செய்தீர்களா? ஆறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து என்னை எடை போட்டுத் திட்டம் தீட்டினீர்களா? கத்தியது நான்தான் என்று அதிகாரிக்கு நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் செய்வதைச் செய்யட்டும். ஆனால் சபையில் உங்களை இன்னும் தோற்றவராகத்தான் நினைக்கிறார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

அதனால் வரும் ஞாயிறு ஆராதனையில், எல்லார் முன்னாலும் எழுந்து பதில் சொல்லுங்கள். அந்த வியாழக்கிழமை கத்தியது யார்? நாற்பது நாளையும் முடித்தது யார்? நானும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் சொல்லாவிட்டால் நான் எழுந்து சொல்வேன். இத்தனை மாதம் அடக்கி வைத்த குரல் சார், தெருமுனை வரைக்கும் கேட்கும்.