லேப்டாப்புக்குப் போர்த்திய துண்டு

காலை எட்டு நாற்பதுக்கு என் மகளின் லேப்டாப் பணியாரம் போல உப்பியிருந்தது. அதைக் கெடுத்தவள் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேறு யார் மேலும் சந்தேகம் வேண்டாம்.

அன்று காரைக்குடியில் மின்வாரியப் பராமரிப்பு. ஒன்பதுக்குக் கரண்ட் போனால் மாலை ஐந்துக்குத்தான் வரும். அப்படிப்பட்ட நாளில் நான் ஒரு மாதிரி ஆகிவிடுவேன். தொட்டி வழிய வேண்டும், இரண்டு வேளைச் சட்னி அரைபட வேண்டும், சார்ஜ் ஏறக்கூடியதெல்லாம் சுவரில் தொங்க வேண்டும். (கொசு மட்டையைக்கூட விடுவதில்லை.)

அன்றைக்குப் பதற்றம் இரண்டு மடங்கு. பத்தரைக்கு வள்ளிக்கு ஆன்லைனில் நேர்முகத் தேர்வு. படிப்பு முடிந்து ஒன்றரை வருடமாக வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தாள். இரண்டு இடத்தில் கடைசிச் சுற்று வரை போய்க் கைநழுவியது. விருந்தாளிகள் வந்தால் மாடிக்குப் போய்விடுவாள். அவர்கள் கிளம்பிய பிறகுதான் இறங்குவாள். இந்த முறை அவள் வரைந்த இயந்திரப் படங்களைத் திறந்து காட்டி விளக்க வேண்டும். போனில் ஆகாது.

லேப்டாப்புக்கு ஆறாவது வயது. வள்ளி அதைப் பத்தியத்தில் வைத்திருந்தாள். எண்பதைத் தொட்டதும் வயரைப் பிடுங்குவாள். இருபதுக்குக் கீழே இறங்க விடமாட்டாள். சூடாக இருந்தால் ஆறவைத்துத்தான் சார்ஜ் போடுவாள். முந்தின ராத்திரியே என்னை எச்சரித்தாள்.

"புதுசா இருந்தப்ப எப்படிப் போட்டாலும் தாங்குச்சும்மா. இப்ப வயசாயிருச்சு. நாளைக்கு மட்டும் நூறு வேணும். அதுவும் காலைல ஏழுக்குப் போட்டு, ஏறுனதும் எடுத்துருவேன். நீ தொடாத."

"நான் ஏண்டி தொடுறேன்?" என்றேன்.

அவள் தூங்கியதும் தொட்டேன். எழுபத்தொன்று என்று காட்டியது. பிள்ளையைப் பரீட்சைக்குக் கால் வயிறு காலியாக அனுப்புவார்களா? மெத்தையில் வைத்து வயரைச் செருகினேன். பல்லி விழுந்துவிடக் கூடாதே என்று தேங்காய்ப்பூத் துண்டை நாலாக மடித்துப் போர்த்தியும் விட்டேன். (எட்டாம் வகுப்புக்கு அறிவியல் ஆசிரியை நான். வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிறவள்.)

காலையில் வள்ளி திறந்து பார்த்திருக்கிறாள், நூறு. நான்தான் ஐந்து மணிக்கே எழுந்து போட்டேன் என்று கூசாமல் சொன்னேன். முறைத்துவிட்டு மூடி வைத்தாள், குளிக்கப் போனாள். ஆசையாக இன்னொரு தரம் பார்க்கலாமென்று நான் போனபோது மூடி சரியாக மூடவில்லை. உள்ளே, விரலால் தேய்க்கும் அந்தச் சதுரம் மேடாக எழும்பியிருந்தது. அழுத்தினேன், அமுங்கவில்லை.

அப்போது என் மூளை வேலை செய்திருக்க வேண்டும். கைதான் வேலை செய்தது. சமையலறைக்கு ஓடி அம்மிக் குழவியைத் தூக்கிவந்து, துண்டில் சுற்றி, மேட்டின்மேல் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் அமுங்கிவிடும் என்று கணக்கு.

ஈரத் தலையோடு வந்த வள்ளி அலறினாள். "அம்மா! அது பேட்டரிம்மா! அமுக்குனா தீப்புடிக்கும்!"

குழவியை எடுத்தாள். வயரைப் பிடுங்கி, லேப்டாப்பை முற்றத்து நடுவில் கொண்டுபோய் வைத்தாள். நாங்கள் இருவரும் தூணுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தோம். மின்விசிறி நின்றது. மணி ஒன்பது.

வள்ளி திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. "சரி விடும்மா" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் காளையார்கோவிலில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்கு உழவு பார்க்கப் போயிருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "பேட்டரி போச்சுங்க, புள்ளைக்கு இன்டர்வியூ, செக்காலை ரோட்டு சாகுல் கடைக்குப் போறோம்" என்றேன். அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

லேப்டாப்பை எவர்சில்வர் அண்டாவில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனோம். ஓட்டுநர் பொங்கல் என்று நினைத்து வாசம் பிடித்தார்.

பழுது பார்க்கும் சாகுல் மெதுவாகத் திருகாணிகளைக் கழற்றினார். "யாருக்கா இதுக்கு மேல பாரத்த வச்சது?"

"தெரியாம வச்சுட்டேன்." ராத்திரி போட்டது, போர்த்தியது, வள்ளி தொடாதே என்றது எல்லாவற்றையும் ஒப்பித்தேன். " என்ன வேணா சொல்லுங்க தம்பி, பத்தரைக்கு ஓடுமா?"

"இது ஏற்கெனவே லேசா உப்பியிருந்துருக்கும். ராத்திரி பூரா ஏத்தி, போத்தியும் விட்டதுல முடிஞ்சுபோச்சு. வயசான பேட்டரிக்கு மெதுவா ஏத்தணும், வயிறு முட்ட ஏத்தக் கூடாது, புழுங்க விடக் கூடாது. உங்க தங்கச்சி சொன்னதக் கேட்டிருக்கலாமேக்கா."

"தங்கச்சி இல்ல, மக" என்றேன். அந்த நேரத்திலும் மனசு லேசாகக் குளிர்ந்தது.

பேட்டரியை வெளியே எடுத்து மணல் வாளியில் வைத்தார். பேட்டரி இல்லாமலே வயரில் லேப்டாப் ஓடுமாம். கடையில் இன்வெர்ட்டர் இருந்தது. பத்து இருபத்தெட்டுக்குத் திரை வெளிச்சமானது. பழைய மிக்ஸிகள் தெரியாதபடி வள்ளியின் பின்னால் நானும் சாகுலும் போர்வையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். முக்கால் மணி நேரம். கை மரத்துப்போனது. ஒரு தரம் மட்டும் போர்வை ஆடியது, நான் தும்மினேன்.

"எதிர்பாராத சிக்கலை எப்படிச் சமாளிப்பீர்கள்?" என்று கேட்டார்கள். வள்ளி குழவி உட்பட எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பக்கம் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் கேமராவை அணைத்துவிட்டார்.

வேலை கிடைத்தது. இப்போது ஓசூரில் இருக்கிறாள். சாப்பிட்டியா என்று தினமும் கேட்கிறேன். "எண்பது ஏறிருச்சும்மா, வயரப் புடுங்கு" என்கிறாள். எங்கள் வீட்டில் யாருமே இப்போது "போதும்" என்பதில்லை, இலையின்மேல் கையை நீட்டி "எண்பது" என்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். ஆனால் குழவியைத் தூக்கும்போதெல்லாம் அந்தத் தூணுக்குப் பின்னால் நின்றது ஞாபகம் வருகிறது.

அன்று தேர்வு முடிந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்தோம். கடை வாசலில் ஆட்டோ நின்றது. என் வீட்டுக்காரர் இறங்கினார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. காளையார்கோவிலிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்: அண்ணனின் டிராக்டர் பேட்டரி.

மேசைமேல் அதை இறக்கினார். மேசை முனகியது.

"எங்குட்டு மாட்டணும் ஆத்தா?" என்றார் மகளைப் பார்த்து. "கவலப்படாத. உழவுக்குன்னு நேத்து ராத்திரி பூரா நானே சார்ஜ்ல போட்டு, பனி எறங்காம சாக்கையும் போத்திவிட்டிருந்தேன்."