குடும்பத் தலைவர் இணைப்பில் இல்லை

இந்தச் சுற்றுலாவில் இன்டர்நெட் என் கையில்தான் இருக்கும் என்று தீர்மானித்தேன். வீட்டில் டிவி ரிமோட் மனைவியிடம். கார் சாவி மகளிடம். பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்பது எனக்கு இதுவரை சொல்லப்படவில்லை. ஒரு மனிதன் ஏதாவது ஒன்றையாவது தன் கையில் வைத்திருக்க வேண்டாமா?

அந்த வாய்ப்பை ஹோட்டல் ரிசப்ஷன்காரர் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்.

"ரூமுக்கு ஒரு கருவிக்குத்தான் சார் வைஃபை. ரெண்டாவதா ஒண்ணைச் சேர்த்தா உள்ள விடாது."

எங்களிடம் மூன்று போன், ஒரு டேப்லெட், என் லேப்டாப். எங்கள் ஊர் சிம் எல்லை தாண்டியதுமே உயிரை விட்டிருந்தது. மகளின் முகம் சுருங்கியது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"கவலைப்படாதீங்க. லேப்டாப்பை மட்டும் வைஃபையில சேர்ப்பேன். அதுலேர்ந்து உங்க எல்லாருக்கும் பிரிச்சுக் குடுப்பேன்."

"அப்போ நீங்க குடுத்தாத்தான் எங்களுக்கா?" என்றாள் மனைவி.

"அப்படித்தான் ஆகுது. என்ன பண்றது!"

வருத்தமாகச் சொல்ல முயன்றேன். சிரிப்பு வந்துவிட்டது.

இதில் என் சுயநலமும் கொஞ்சம் இருந்தது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஆபீஸில் ஒரு கூட்டம். எங்கள் பிரிவுக்குப் புதுத் தலைவர் யார் என்று மேனேஜர் அதில் முடிவு செய்யப் போகிறார். போட்டியில் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் குண்டூசி. எங்கே யாரைப் பார்த்தாலும் குத்துவதால் ஆபீஸே சேர்ந்து அவனுக்கு வைத்த பெயர் அது. நான் வீடியோவில் வராவிட்டால் நாற்காலி அவனுக்கு.

ஆனால் மனைவிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். போன தடவை போன சுற்றுலாவில் நான் காரிடாரில் நின்று ஆபீஸ் போன் பேசிக்கொண்டே இருந்தேன். அவள் தனியாகப் படகில் போய்விட்டு வந்தாள். பக்கத்து இருக்கையில் என் தொப்பியை வைத்துக்கொண்டு போனாளாம். இந்த முறை கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் ஆபீஸ்னு ஆரம்பிச்சீங்க, அப்புறம் உங்க கூட எங்கேயுமே வரமாட்டேன். உங்களுக்கும் அந்தத் தொப்பிக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துக்குங்க."

அதனால்தான் இந்தத் திட்டம். இன்டர்நெட் என் லேப்டாப்பிலிருந்து போகிறது. லேப்டாப்பை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் காலையில் "நீங்க போங்க, நான் காவல் இருக்கேன்" என்று தியாகி மாதிரி அறையிலேயே தங்கிவிடலாம்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் மகள் பாஸ்வேர்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள். தட்டினேன். உடனே சேர்ந்தது. அதிலிருந்து பிரித்துக் கொடுக்கும் இணைப்புக்கு ஒரு பெயர் கேட்டது. யோசிக்காமல் 'குடும்பத் தலைவர்' என்று வைத்தேன்.

"வருதா?" என்றேன் கம்பீரமாக.

"சூப்பரா வருதுப்பா," என்றாள் மகள்.

"நீங்க இல்லேன்னா நாங்க என்ன ஆவோம்!" என்றாள் மனைவி. இருபது வருஷத்தில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை இருவரும் கீழே தோட்டத்துக்குப் போனார்கள். நான் ஒத்திகைக்கு உட்கார்ந்தேன். இன்டர்நெட் இல்லை. வைஃபை கோடுகள் மூன்றும் முழுசாக நின்றன. உள்ளேதான் விடவில்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். ஜன்னல் மேல் வைத்தேன். கட்டில்மேல் ஏறி நின்று தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். துண்டு அவிழ்ந்ததுதான் மிச்சம்.

கதவு திறந்தது. மனைவி கைப்பையுடன் உள்ளே வந்தாள். இன்டர்நெட்டும் கூடவே வந்தது.

"கட்டில்மேல என்ன பண்றீங்க?"

"உடற்பயிற்சி."

மதியம் அவள் சாப்பிடப் போனாள். இன்டர்நெட் போயிற்று. திரும்பி வந்தாள். வந்தது. சாயங்காலம் மறுபடியும் தோட்டம். மறுபடியும் போயிற்று. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். இருவரும் நிழலில் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நெட் இல்லாம என்ன பார்க்கிறீங்க?" என்று மேலேயிருந்து கத்தினேன்.

"பழைய போட்டோங்க! நீங்க முடியோட இருக்கிற போட்டோ!"

ரிசப்ஷனில் போய்ச் சண்டை பிடித்தேன்.

"உங்க ரூம் இணைப்பு நல்லாத்தானே சார் ஓடுது," என்றார் அவர் கம்ப்யூட்டரைப் பார்த்து. "தோட்டத்துல கூட அருமையா எடுக்குதே."

"தோட்டத்துல எடுத்து எனக்கு என்னய்யா பிரயோஜனம்? நான் ரூம்ல இருக்கேன்!"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நானும் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வந்தேன்.

கடைசியில் எனக்கே ஒன்று புரிந்தது. மனைவி இருந்தால் இன்டர்நெட் இருக்கிறது. மனைவி இல்லையென்றால் இல்லை. காரணம் விளங்கவில்லை. மின்சாரம் முதல் கேஸ் அடுப்பு வரை வீட்டில் எல்லாமே அவள் பேச்சைத்தான் கேட்கும். இதுவும் அந்த ஜாதி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். யாருக்குத் தெரியாமல் கூட்டத்தில் பேச வேண்டுமோ, அவள் பக்கத்தில் இருந்தால்தான் கூட்டமே நடக்கும்.

மூன்றாம் நாள் காலை, படகுக்குக் கிளம்பும் நேரம். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயோ, வலி உயிர் போகுது. நீ எங்கேயும் போயிடாத. பக்கத்துலயே இரு."

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மகளிடம் திரும்பினாள்.

"நீ கீழே தோட்டத்துல இரு. அப்பாவுக்கு வயிறு சரியானதும் வர்றோம். ரொம்ப நேரம் ஆகாது."

லேப்டாப்பைத் துண்டில் சுற்றினேன். முழுக்கைச் சட்டையையும் டையையும் அதற்குள் செருகினேன். பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். பேச்சு வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன். மேலே சட்டை, டை. கீழே அரைக்கால் டவுசர். மூடிய கமோடின்மேல் கம்பீரமாக உட்கார்ந்தேன். இன்டர்நெட் ஜோராக வந்தது.

"என்னங்க, ரொம்ப முடியலையா?" என்று வெளியிலிருந்து குரல்.

"பேச வைக்காத!" என்று முனகினேன்.

"எங்கேயோ தண்ணி கொட்டுதே?" என்றார் திரையில் மேனேஜர்.

"கடல் சார். ரூமுக்குப் பக்கத்துலயே கடல்."

குண்டூசி ஆரம்பித்தான். முதல் குத்தே எனக்குத்தான்.

"சார், இவர் நல்லவர்தான். ஆனா இவருக்கு முன்கோபம் ஜாஸ்தி. யாராவது ஒரு வார்த்தை சொன்னா ஒன்பது வார்த்தை திருப்பிச் சொல்வார். தலைவருக்குப் பொறுமை வேண்டாமா? போன மாசம்கூடப் பாருங்க..."

எனக்கு ரத்தம் கொதித்தது. போன மாதம் கோப்பைத் தொலைத்தவனே அவன். நறுக்கென்று நாலு கேட்க மூச்சை இழுத்தேன். வார்த்தை உதடு வரை வந்துவிட்டது.

திரை அப்படியே நின்றது. இன்டர்நெட் போய்விட்டது.

"அடியே, எங்கேயும் போகாதேன்னு சொன்னேனே!" என்று கதறிக்கொண்டு கதவைத் திறந்தேன். அவள் எங்கேயும் போகவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டியபடி எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"வயித்து வலிக்கு டை கட்டிக்கிட்டீங்களா?"

நான் டையைத் தொட்டுப் பார்த்தேன்.

"கடற்கரைக்கு வர்ற மனுஷன் எதுக்கு இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை எடுத்து வைப்பார்? பெட்டி கட்டினது நான்தானே! அன்னைக்கே தெரியும்."

"அப்போ... இன்டர்நெட்?"

கைப்பையைத் திறந்தாள். சோப்புக்கட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி.

"இதுதான் ஹோட்டல் வைஃபையில சேர்ந்த அந்த ஒரே கருவி. நீங்க குளிக்கப் போனப்பவே உங்க பொண்ணு சேர்த்துட்டா. ஹோட்டல் வைஃபை பேரையே இதுக்கும் வச்சுட்டா. பேட்டரியில ஓடுது, எங்கே வேணாலும் எடுத்துட்டுப் போகலாம். உங்க லேப்டாப்பும் இதுலதான் தொங்கிட்டிருக்கு."

"நான் பிரிச்சுக் குடுத்தேனே... குடும்பத் தலைவர்?"

"அதுல யார் சேர்ந்தா? உங்க போன் ஒண்ணுதான்."

இரண்டு நாள் எனக்கு நானே இன்டர்நெட் வழங்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. கோபப்படக்கூட யோக்கியதை இல்லை. அது இன்னும் அவமானமாக இருந்தது.

"கூட்டத்தை முடிக்கவாவது விட்டிருக்கலாமே?"

"பத்து நிமிஷம் விட்டுட்டுத்தானே இந்தப் பொத்தானை அமுக்கி அணைச்சேன். அதுக்கு மேல படகு நிக்காது. போன தடவை உங்க தொப்பிக்குப் பக்கத்துல உட்கார்ந்து போனப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? எல்லாரும் ஜோடி ஜோடியா போட்டோ எடுக்கிறாங்க. நான் தொப்பியை எடுக்கிறேன்."

டையைக் கழற்றிவிட்டு நடந்தேன்.

படகில் காற்று நன்றாக இருந்தது என்று பிறகு மகள் சொன்னாள். நான் கவனிக்கவில்லை. என் நாற்காலியில் குண்டூசி உட்கார்ந்து சுழல்வதுதான் அலைக்கு அலை தெரிந்தது. மனைவி என்னை நிறுத்தி வைத்து ஏராளமாகப் போட்டோ எடுத்தாள். எல்லாவற்றிலும் எனக்கு ஒரே முகம்.

ஹோட்டல் தோட்டத்துக்குள் வந்ததும் மனைவி பெட்டியை உயிர்ப்பித்தாள். மகள் என் போனையும் அதில் சேர்த்துக் கொடுத்தாள். என் போன் சிணுங்கியது. மேனேஜர். படிக்கத் தைரியம் இல்லாமல் மகளிடம் நீட்டினேன். அவள் உரக்கப் படித்தாள்.

"'வாழ்த்துகள். பிரிவுத் தலைவர் நீங்கள்தான். அவர் அவ்வளவு நேரம் உங்களைக் குறை சொன்னார். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. சிலை மாதிரி உட்கார்ந்து கேட்டீர்கள். இப்படி ஒரு பொறுமையை நான் பார்த்ததே இல்லை.'"

பிறகு மனைவி நிதானமாகக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ உங்களுக்குப் பதவி வாங்கிக் குடுத்தது யாரு?"

அதெல்லாம் என் திறமை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கட்டைவிரல் அந்தப் பெட்டியின் பொத்தான்மேல் இருந்தது.

சிலை மாதிரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன்.